கன்னத்தில் நாலு முள்

ஏப்ரல் 9

காலையில் ஜெனோவா போன் செய்தாள். என் மகள் விண்ணரசியின் ஒரே பிள்ளை. மீனைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதைவிடப் பெரிய டாக்டர். ஊசி போடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்த மாதிரி டாக்டர் கடற்கரை முழுக்கத் தேடினாலும் கிடையாது.

அவள் படிப்பது தேள்மீன் வகையறாவை. உடம்பெல்லாம் முள், முதுகு முள்ளில் விஷம். விசைப்படகில் வருகிற நல்ல மீனை எடுத்த பிறகு மிஞ்சும் கழிசலைச் சங்காயம் என்போம். கோழித் தீவனத்துக்குப் போகும். அதில்தான் இந்த மீன் கிடக்கும். முப்பத்தோரு வருஷமாக அந்தக் குவியலைக் கிண்டித் தரம் பிரிக்கிறவள் நான். நான் ஓரமாகத் தள்ளினதை எல்லாம் என் பேத்தி எடுத்து வைத்துப் படிக்கிறாள்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு மீன் கிடைத்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் சாதாரணத் தேள்மீன் குட்டி என்கிறார்கள். இவள் மட்டும் இது வேறு இனம் என்கிறாள். ஆனால் கையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவளுக்கு வழிகாட்டுகிற வேணுகோபாலன் சார், ஒற்றை மீனை வைத்து ஓர் இனத்தை எழுத முடியாது, அது பிறவிக் கோளாறாகக்கூட இருக்கலாம், இன்னும் மூன்று கொண்டுவா என்று சொல்லிவிட்டாராம். ஜூன் முப்பதுக்குள் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் காலேஜில் கொடுக்க வேண்டும். மீன் கிடைக்காவிட்டால் அந்தப் பாகத்தையே எடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷம் அவள் ராப்பகலாக எழுதினது அந்தப் பாகத்தைத்தான்.

அழுகிற குரலில் பேசினாள். நான் சனிக்கிழமை வா என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

பிரிட்ஜில் மேலே ஐஸ் அறையில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் பத்து மீன் இருக்கிறது. அவள் எப்போதோ போனில் காட்டின படத்தைப் பார்த்து, சிவப்பும் தவிட்டு நிறமுமாகக் கட்டைவிரல் நீளத்தில் வந்ததை எல்லாம் தை மாதத்திலிருந்து சேர்த்து வருகிறேன். அவளுக்கே தெரியாது.

ஏப்ரல் 10

பிரிட்ஜ் நாறுகிறது என்று விண்ணரசி கத்தினாள். தயிரை வெளியே எடுத்து வை என்றேன். உளுந்து நனையப் போட்டேன்.

ஏப்ரல் 12

திங்கட்கிழமை தடைக்காலம் ஆரம்பம். மீன் முட்டை போடுகிற அறுபத்தோரு நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அதனால் இன்றைக்குக் கரையில் கூட்டம். சங்காயக் குவியலில் பதினோராவது மீன் கிடைத்தது.

தேள்மீனைத் தொட்டால் முதல் வேலை முள்ளைக் கத்தரிப்பது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு தடவை குத்து வாங்கினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். எல்லார் இடுப்பிலும் சின்னக் கத்தரி இருக்கும். மற்றவர்கள் முதுகு முள்ளை மட்டும் நறுக்கென்று வெட்டி வீசிவிடுவார்கள். இது என் பேத்தி கை படப் போகிற மீன். முதுகு, செவுள் மூடி, கண்ணுக்குக் கீழே, தாடை என்று ஓர் இடம் விடாமல் வெட்டினேன். கடைசியில் பிளேடு வைத்து முகத்தை வழித்தேன். பதினொன்றும் இப்படித்தான். தடவிப் பார்த்தால் பச்சைப்பிள்ளைக் கன்னம்.

என்னோடு எதிரே உட்கார்ந்து தரம் பிரிக்கிறவள் ராக்கினி. இருபது வருஷப் பழக்கம். வாய் அடங்காது.

"என்ன மயினி, மீனுக்கு மாப்பிள்ளைச் சவரமா?"

"எம் பேத்தி கையி பேனா புடிக்கிற கையிடி. குத்து வாங்குற கையி இல்ல."

"ஆமா, ஒம் பேத்தி படிச்சு முடிக்கதுக்குள்ள கடல்ல மீனு தீந்துரும்."

பொறாமை. வேறென்ன.

ஏப்ரல் 13

ஜெனோவா வந்தாள். மெலிந்திருக்கிறாள். பாவாடை நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டலாம். சோறு போட்டு, சாப்பிட்ட பிறகு டப்பாவை முன்னால் வைத்தேன்.

திறந்ததும் "ஆச்சி!" என்று கத்திவிட்டாள். எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒரு மீனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடுத்ததை எடுத்தாள். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். பதினொன்றையும் வரிசையாகத் தட்டில் வைத்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆச்சி, யாரு இந்த முகத்து முள்ளையெல்லாம் வெட்டுனது?"

"ஏன் மக்கா?"

"இந்த மீனு வேற, அந்த மீனு வேறன்னு சொல்லுததே கன்னத்து முள்ள வச்சுதான். சாதாரணத்துக்கு ரெண்டு. என் மீனுக்கு நாலு. இப்ப இதுல எத்தன இருந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? ஒண்ணுலகூட மிச்சம் இல்ல. பிளேடு போட்டு வழிச்சிருக்கு. யாரு வெட்டுனா?"

ராக்கினி என்றேன்.

சட்டென்று வாயில் அந்தப் பேர்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் அவள்தானே.

ஏப்ரல் 14

ஞாயிறு. பூசைக்குப் போனோம். கோயில் வாசலில் ராக்கினி, "என்ன தாயி, எப்ப வந்த?" என்று ஜெனோவாவின் தாடையைத் தொடப் போனாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பைத் தேடினாள். வெயில் அதிகம். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மத்தியானம் ஜெனோவா எனக்கு அவள் படிப்பை விளக்கினாள். துடுப்பில் விசிறி மட்டை மாதிரிக் கதிர்கதிராக எலும்பு உள்ள மீன்கள் ஒரு பெரிய கூட்டமாம். நாம் தின்கிற மீன் முக்கால்வாசி அதில்தான் வரும். அந்தக் கூட்டத்துக்குள், கண்ணுக்குக் கீழே கன்னத்தின் குறுக்கே ஓர் எலும்புப் பட்டை போகிற மீன்களை எல்லாம் ஒரே வம்சம் என்று எழுதி வைத்திருந்தார்களாம். நம் தேள்மீன், மணலில் புதைந்து கிடக்கிற தட்டைத்தலை மீன், குளிர்நாட்டுக் கடலில் கிடக்கிற ஸ்கல்பின் எல்லாம் அதில் அடக்கம். ஸ்கல்பின் படத்தைக் காட்டினாள். தலைதான் மீன், மிச்சம் வால். வாய் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை.

"இது ராக்கினி வீட்டுக்காரரு தொம்மை மாதிரில்லா இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் அந்த வம்சக் கணக்கே மாறிப்போயிற்றாம். ஸ்கல்பினுக்குத் தேள்மீன் தூரத்துச் சொந்தம்தானாம். கன்னத்தில் பட்டையே இல்லாத, விலாங்கு மாதிரி நீளமான ஒரு மீன்தான் அதற்குக் கிட்டின பங்காளியாம்.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. "அப்ப இந்தப் பதினொண்ணுலயும் சதை இருக்குல்லா, அதச் சோதிக்க வேண்டியதுதான?"

"சோதிக்கலாம் ஆச்சி. ஆனா எதோட ஒத்துப் பாக்க? எங்கிட்ட இருக்க ஒரு மீனும் ரெண்டு வருசமா பார்மலின்ல கெடக்கு. அதுல சோதனை வராது. முள்ளும் சதையும் ஒண்ணா இருக்க மீனு வேணும். நாளையில இருந்து படகும் போகாது."

அஞ்சாம் வகுப்புப் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே என்று ஆச்சரியப்பட்டாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 15

படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஜெனோவா காலை பஸ்ஸில் போய்விட்டாள். சாப்பிடவில்லை.

ஏப்ரல் 18

விசைப்படகுக்குத்தான் தடை. வள்ளத்துக்குத் தடை இல்லை. காலை ஏழு மணிக்கு நண்டு வலை கரைக்கு வருகிறது. தேள்மீன் நண்டு வலையிலும் மாட்டும். இது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆனால் காலேஜில் யாருக்கும் உறைக்கவில்லை.

அதில் இரண்டு சங்கடம். ஒன்று, அந்தச் சின்ன மீன் கல்லும் பாசியுமாகக் கிடக்கிற பார் ஓரத்தில்தான் இருக்கும். வலை கிழியும் என்று அங்கே யாரும் போட மாட்டார்கள். தொம்மை ஒருவர்தான் போடுவார். அதாவது ராக்கினியின் வள்ளம். இரண்டாவது, வலையில் தேள்மீன் மாட்டினால் அதை எடுக்க மாட்டார்கள். கட்டையால் நாலு சாத்துச் சாத்தி, முள் நொறுங்கின பிறகு பிய்த்து எறிவார்கள். முழுசாக எடுக்க வேண்டுமானால் வலைக் கண்ணியை அறுக்க வேண்டும். கண்ணியை அறுக்க எந்த வலைக்காரன் விடுவான்?

தொம்மையிடமே கேட்டேன்.

"கண்ணிய அறுக்கதா? ஒங்க பேத்தி பட்டம் வாங்க எங்க வலையில ஓட்டையா?"

"அறுத்த கண்ணி ஒவ்வொண்ணையும் நானே தைச்சுத் தாரேன். தைச்ச எடம் எதுன்னு நீரு கண்டுபிடிச்சிரும், பாப்போம்."

வலை பின்னுவதில் என் கை எப்படி என்று அவருக்குத் தெரியும். ராக்கினி சிரித்தாள். "விடுங்க, வரட்டும். மயினி சும்மா இருந்தா ஊரு தாங்காது."

ஏப்ரல் 27

ஒன்பது நாளில் ஏழு தேள்மீன். எல்லாவற்றுக்கும் கன்னத்தில் இரண்டே முள். பூதக்கண்ணாடி வாங்கிவிட்டேன். தைத்த கண்ணி நாற்பத்தி நாலு. தொம்மையால் ஓர் இடம்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மே 4

கிடைத்துவிட்டது!

ராக்கினிதான் முதலில் பார்த்தாள். வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தவள், "மயினி, ஓடியா, செவப்பா ஒண்ணு கெடக்கு" என்று கத்தினாள். பழக்கத்தில் தொம்மை கட்டையை ஓங்கிவிட்டார். ராக்கினி அவர் கையைப் பிடித்துத் தள்ளின தள்ளலில் மனுஷர் மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் கத்தியால் கண்ணியை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். கண்ணாடி வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடுத்த கன்னத்திலும் நாலு.

விண்ணரசி போனில் ஜெனோவாவுக்குப் படம் காட்டினோம். அவள் காலேஜ் வராந்தாவில் குதித்தது போனில் தெரிந்தது. மீனைக் கத்தரிக்காமல் அப்படியே டப்பாவில் வைத்தேன். முழு முள்ளோடு ஒரு தேள்மீனை வைப்பது எனக்கு வாழ்க்கையில் முதல் தடவை. கத்தரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது நல்லதாயிற்று.

மே 11

வலது கை. நடுவிரல். குத்திவிட்டது. இடது கையால் எழுதுகிறேன். மீனுக்குக் கன்னத்தில் நாலு முள்தான். இரண்டாவது மீன்.

மே 13

வீக்கம் வடிகிறது. அன்றைக்கு நடந்ததை எழுதி வைக்க வேண்டும். வலி முழங்கை வரை ஏறி, தோளில் போய் நின்றது. ராக்கினி என்னைத் தன் வீட்டுக்குத் தூக்காத குறையாக இழுத்துப்போய், பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதில் அமுக்கிப் பிடித்திருந்தாள். ஆற ஆற ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒன்றரை மணி நேரம்.

"கத்துடி மயினி, யாரும் இல்ல."

"எதுக்குக் கத்தணும்? கொசுக்கடி."

"கண்ணுல தண்ணி வருது."

"வெந்நி ஆவி."

இவ்வளவுக்கும் நான் அந்த மீனைக் கீழே போடவில்லை. இரண்டு கன்னமும் முழுசு. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும்.

மே 19

ஞாயிறு. இரண்டு மீனையும் வாங்கிக்கொண்டு போக ஜெனோவா வந்தாள். என் விரலைப் பார்த்து அழுதாள். நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

சாயங்காலம் ராக்கினி நுங்கு சீவி எடுத்துக்கொண்டு வந்தாள், ஜெனோவாவுக்கென்று. இவள் வாங்கி வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. பிறகு மனசு கேட்காமல் சொன்னாள்:

"தேங்க்ஸ் பாட்டி. நீங்க இப்ப இவ்ளோ உதவி செய்யுதீங்க. ஆனா அன்னைக்கு அந்தப் பதினொரு மீனுக்கும் மட்டும் நீங்க கத்தரி வைக்காம இருந்திருந்தா, ஆச்சிக்கு இந்த வெரல் வீங்கியிருக்காது."

ராக்கினி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நுங்கைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா தாயி" என்றாள் ராக்கினி. "வயசாயிட்டுல்லா. கையி தானாப் போயிருது. மனசுல வச்சுக்காத."

போய்விட்டாள். நுங்கு பதமாக இருந்தது. மழை வருமோ என்னவோ, வானம் மூட்டமாக இருக்கிறது.

மே 20

காலையில் வலைப் பக்கம் போனேன். ராக்கினி எழுந்து வந்து எனக்கும் வலைக்கும் நடுவில் நின்றாள்.

"புள்ளைக்கு முன்னால ஒன்ன விட்டுக் குடுக்கல. அது அவ மொகத்துக்காவ. ஒனக்காவ இல்ல. இனி எங்க வலைகிட்ட வராத."

சுற்றி எட்டுப் பெண்கள் நண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை.

எனக்கென்ன. கடல் இவள் அப்பன் வீட்டுச் சொத்தா?

மே 22

அரிசி புடைத்தேன். கல் அதிகம்.

மே 23

வேறு மூன்று வள்ளத்து வலையைப் பார்த்தேன். தேள்மீனே இல்லை. அவர்கள் பார் ஓரம் போவதில்லை.

மே 25

தொம்மை வலையில் இன்றைக்குச் சிவப்பாக ஒன்று கிடந்ததாம். கட்டையால் அடித்து எறிந்துவிட்டாராம். விண்ணரசி கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். என் காதில் விழட்டும் என்றே அவர்கள் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

மே 28

ஜெனோவா போன். மூன்றாவது மீன் ஜூன் பத்துக்குள் வராவிட்டால் அந்தப் பாகத்தை எடுத்துவிடு, மிச்சத்தைக் கொண்டு பட்டம் வாங்கிவிடலாம் என்று சார் சொல்கிறாராம். பழைய மீனோடு சேர்த்துக் காலேஜில் மூன்றாக இருப்பது நாலாகும் என்று அவளும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராக்கினி பாட்டி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். நல்லா இருக்கா என்றேன்.

"ஆச்சி, ஏன் ஒங் குரலு ஒரு மாதிரி இருக்கு?"

தூசி என்றேன்.

மே 30

உண்மையை எழுதுகிறேன். பதினொரு மீனையும் வழித்தது நான். ஜெனோவா கண்ணில் நான் ஒன்றும் தெரியாதவளாக ஆகிவிடக்கூடாது என்று ராக்கினி பேரைச் சொன்னேன். ராக்கினி அந்த மீனைக் கையால்கூடத் தொடவில்லை.

எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. ராக்கினி வீட்டுக்குப் போனேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்சது தப்புதான்" என்றேன்.

"அத எங்கிட்ட சொல்லி என்ன? எனக்குத் தெரியாதா யாரு வழிச்சான்னு? நான்தான எதுத்தாப்புல ஒக்காந்து பாத்தேன்."

"என்ன செய்யச் சொல்லுத?"

"ஒம் பேத்தி என்னயக் கோயில் வாசல்ல வச்சு மூஞ்சத் திருப்புனா. அத ஊரு பாத்துச்சு. நீயும் ஊரு பாக்கச் சொல்லணும். அவ காதுலயும் விழணும்."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து, வாசலிலேயே நின்றேன். வீட்டுக்குள் போகத் தோன்றவில்லை.

மே 31

விண்ணரசி போனை வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கரைக்குப் போனேன். வள்ளம் வந்து, பெண்கள் வலையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு ஜெனோவாவைக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனைத் திருப்பி ஐஸ் பெட்டி மேல் வைத்தேன். முதுகை நிமிர்த்தித்தான் நின்றேன். குனிந்து சொல்ல எனக்கு வராது.

"ஜெனோவா, நான் இஞ்ஞாசியம்மா பேசுதேன்."

"தெரியும் ஆச்சி. என்ன சத்தம் அங்க?"

"கரையில நிக்கேன். ஒன்பது பேரு கேட்டுக்கிட்டு இருக்காவ. அந்தப் பதினொரு மீனு முள்ளையும் வெட்டுனது ராக்கினி இல்ல. நான். பிளேடு போட்டு வழிச்சதும் நான்தான். ஒங் கையில குத்திரக் கூடாதுன்னு வழிச்சேன். நீ கேட்டப்போ வெக்கமாப் போச்சு. அவ பேரச் சொல்லிட்டேன்."



"ஆச்சி" என்றாள். "நீ வெட்டுனேன்னு சொல்லியிருந்தா நான் ஒரு நாளு அழுதிருப்பேன். அவ்ளோதான். நான் அவங்க கொண்டாந்த நுங்க வாங்கி வச்சிட்டு உக்காரக்கூடச் சொல்லல ஆச்சி. அவங்க அப்பவும் நான்தான்னு சொன்னாங்களே." குரல் உடைந்தது. "பாட்டி இருக்காங்களா அங்க? அவங்ககிட்ட குடு."

ராக்கினி போனை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் போய்விட்டாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது மூக்கைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பெண்களில் ஒருத்தி, "பதினொரு மீனுக்குமா சவரம் பண்ணுன மயினி?" என்று கேட்டாள். ஆரம்பித்தது ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொம்மை தன் தாடியைத் தடவிக் காட்டி, "எனக்கும் ஒண்ணு போட்டு விடுங்க" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கரையில் ஒருத்தியும் இப்படி நின்று தன் தப்பைச் சொன்னதில்லை. நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன்.

ராக்கினி வலையில் கிடந்த கிழிசலைத் தூக்கி என் மடியில் போட்டாள். "பன்னெண்டு நாளா தைக்க ஆளு இல்ல. ஒக்காரு."

ஜூன் 3

மீன் இல்லை. கண்ணி முப்பது.

ஜூன் 5

மீன் இல்லை. காற்று. தொம்மை பார் ஓரம் வலை விட முடியவில்லை என்றார். விட்டிருக்கலாம்.

ஜூன் 7

கிடைத்தது. மூன்றாவது. வலை முழுக்கச் சுற்றிப் பந்து மாதிரிக் கிடந்தது. ராக்கினி இரண்டு கையாலும் வலையை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான் அறுத்தேன். என் விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

"மெதுவா. மெதுவாடி. மீனு எங்கயும் போவாது."

"சும்மா இரு, எனக்குத் தெரியும்."

இருபத்தாறு கண்ணி அறுத்த பிறகு வெளியே வந்தது. கண்ணாடியை ராக்கினியிடமே கொடுத்தேன். அவளே எண்ணட்டும் என்று. வாய்விட்டு எண்ணினாள். நாலு என்று சொல்லும்போது ஊரைக் கூட்டுகிற சத்தம்.

ஜூன் 9

ஜெனோவாவும் வேணுகோபாலன் சாரும் காரில் வந்தார்கள். ஜெனோவா காரிலிருந்து இறங்கி நேரே ராக்கினி வீட்டுக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சார் அதுவரை என்னோடு உட்கார்ந்திருந்தார். நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். மூன்று தடவை ஊற்றிக்கொண்டார்.

மீனைப் பார்த்தார். எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி எண்ணினார். "சரிம்மா ஜெனோவா, இந்தப் பாகம் இருக்கட்டும்" என்றார். எவ்வளவு சுருக்கமாகப் பேசுகிற மனுஷர்!

பிறகு ஒரு விஷயம் சொன்னார்கள். இந்த மீனுக்குப் புதிதாகப் பேர் வைக்க முடியாதாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு வெள்ளைக்காரர் இதே மீனைப் பார்த்துத் தனி இனம் என்று பேர் வைத்துவிட்டாராம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள், இதுவும் சாதாரணத் தேள்மீனும் ஒன்றுதான் என்று அந்தப் பேரை அடித்துவிட்டார்களாம். ஏனென்றால் அவர் வைத்திருந்த மீனில் கன்னத்து முள் ஒடிந்து போயிருந்ததாம். நிரூபிக்க முடியவில்லை.

"அவருக்கும் யாரோ பிரியமா வெட்டிக் குடுத்திருப்பாவ" என்றேன். சாருக்குப் புரையேறிவிட்டது.

முதலில் எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. பிறகு யோசித்தேன். பேர் வைக்க யாராலும் முடியும். எங்கள் தெருவில் நாய்க்குக்கூடப் பேர் வைக்கிறார்கள். நூற்றைம்பது வருஷமாகப் பேர் பறிபோய்க் கிடந்த ஒன்றுக்கு, அந்தப் பேரைத் திருப்பி வாங்கிக் கொடுத்தவள் என் பேத்தி. இதைக் கடைத்தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது ஆள் தானாகவே வந்து கேட்டான்.

ஜூன் 14

நாளைக்கு விசைப்படகு போகிறது. சங்காய வேலை மறுபடி ஆரம்பம். கத்தரியைச் சாணை பிடித்து வைத்தேன்.

ஜூன் 28

புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

மூன்று மீனையும் காலேஜ் காட்சிக்கூடத்தில் ஜாடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் நனையாத காகிதத்தில் ஒரு சீட்டு. மீன் பேர், ஊர், தேதி, எந்த வலை, சேகரித்தவர் பேர். நூறு வருஷம் கழித்து ஒருவர் எடுத்துப் பார்த்தாலும் இருக்குமாம். ஜெனோவா அந்தச் சீட்டைப் படம் பிடித்து விண்ணரசி போனுக்கு அனுப்பியிருந்தாள். தமிழிலும் எழுதியிருக்கிறாள்.

சாயங்காலம் கரைக்குப் போனை எடுத்துக்கொண்டு போனேன். ராக்கினி குவியல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. படத்தில் எழுத்து இருக்கும் இடத்தை விரலால் தொட்டாள்.

"எம் பேரு இருக்கா?"

"இருக்கு."

"ஒம் பேரு?"

"இருக்கு."

"எது முன்னால?"

என் கையில் போன். சுற்றிலும் வேறு யாரும் இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம் பேருதான்" என்றேன். சீட்டில் அப்படித்தான் இருந்தது. "ராக்கினி, கமா, இஞ்ஞாசியம்மாள்."

"மறுபடி வாசி."

வாசித்தேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. நானாகத்தான் வாசித்தேன்.